முறிவு நாள்

முறிவு நாளில் எலிசபெத் உயிரோடிருப்பதை அந்த அலுவலகத்தில் எவரும் அறிந்ததாகக் காட்டிக்கொள்வதில்லை. எங்கும் எழுதி வைக்கப்பட்ட விதியல்ல அது. ஆயினும் தலைமை எழுத்தர் முதல் தண்ணீர் சுமப்பவர் வரை பிசகாமல் காத்துவந்தார்கள். தற்காலிக ஊழியருக்கு மூன்று மாதத்துக்கொரு முறை வேலை தீரும். ஒருநாள் விட்டு மறுநாள் புதிய உத்தரவு வரும். இடையில் விழும் அந்த ஒருநாள்தான் முறிவு நாள்; அதனால், எத்தனை ஆண்டு உழைத்தாலும் அவர்களுடைய சேவை தொடர்ச்சியற்றதாகிவிடும்.

யுத்தம் ஆண்களைக் கொண்டுபோன 1943இல், திருச்சுழிச் சாலையிலிருந்த பங்கீட்டு அலுவலகம் தட்டச்சுக்கு ஆளின்றி ஒரு பெண்ணை எடுத்தது. மிஷன் பள்ளியில் தட்டச்சுக் கற்ற எலிசபெத்துக்கு அப்போது இருபத்தெட்டு வயது. யுத்தம் முடிந்து ஓராண்டாகியும் அந்த எந்திரத்தை ஓட்டத் தெரிந்தவர் அங்கே வேறு யாருமில்லை. ஆகவே முறிவு நாளிலும் வேலை மட்டும் நிற்பதில்லை. பியூன் இருளப்பசாமி எந்திரத்தைச் சாக்கில் சுற்றி, பருத்திக்காட்டு வரப்பு வழியாக அவளுடைய ஒற்றை அறைக்குத் தூக்கிவருவார். அடித்த தாள்களில் மறுநாள் தேதி இருக்கும். தட்டச்சர் தன் பெயரின் முதலெழுத்துகளைப் போடும் கீழ்மூலை வெறுமையாக இருக்கும். அன்று அவள் கிணற்றடிக்குப் போனால், எதிரே வரும் தலைமை எழுத்தர் சங்கரலிங்கத்தின் குடை வெயிலை விட்டு, அவர் முகத்தை மறைத்து, அவள் பக்கமாகச் சாயும்.

பக்கத்து வீட்டு ஜெயக்கொடி மட்டும், கேட்கிற சத்தத்தைத் தையல் எந்திரம் என்று நம்பி, ரவிக்கைத் துணியோடு வந்து நிற்பாள்.

"ஊருக்கெல்லாம் தைக்கிறிய. எனக்குன்னா மட்டும் நூலு அந்துபோகுதாக்கா?"

எலிசபெத் ஏதோ சாக்குச் சொல்லிக் கதவைச் சாத்துவாள். அந்நாளில் அவளை நோக்கி வரும் ஒரே குரல் அது. அதற்கும் பொய்யைத்தான் பதிலாகத் தர வேண்டியிருந்தது.

இம்முறை இருளப்பசாமி கைப்பிரதியைக் கவிழ்த்து வைத்தார். அலுவலகப் பேச்சு காதில் விழுந்திருந்ததால், வழக்கம்போலப் போய்விடாமல் நின்றார்.

"படிக்காம அடிச்சிருங்கம்மா. கைபாட்டுக்கு அடிக்கட்டும்."

அவள் படித்தாள். பட்டாளத்திலிருந்து திரும்பிய சோணைமுத்துவை நிரந்தரத் தட்டச்சராக அமர்த்தலாம் என்ற பரிந்துரை. அவளைப் பற்றி ஒரே வரி: சேவையில் பன்னிரண்டு முறிவுகள், ஆகவே தகுதியில்லை. நாளை உத்தரவு வராது. முகம் தெரியாத அந்தச் சோணைமுத்துவின் மீது அவளுக்குக் கோபம் எழவில்லை; அவனும் எங்கோ வேலைக்குக் காத்திருந்தவன்தான். அவள் நினைத்ததெல்லாம் அந்தப் பன்னிரண்டு நாள்களை. மற்ற நாள்களில் எட்டுப் பேர் நடுவே அமர்ந்து அடித்தாள். இந்த நாள்களிலோ புழுங்கும் அறையில், ஒரு பேச்சுத்துணைகூட இல்லாமல், ஊர் ஊராக அரிசியும் மண்ணெண்ணெயும் பங்கிடும் பட்டியல்களை அடித்தாள். அவள் மிக அதிகமாக உழைத்த நாள்களே அவள் இல்லாத நாள்களாகியிருந்தன.

பழகிய விரல் மறுநாள் தேதியை அடித்துவிட்டது. தாளை உருவிக் கிழித்தாள். புதுத் தாளில் அன்றைய தேதியை இட்டு, ஒரு சொல் விடாமல் முழுவதையும் அடித்து முடித்தாள்.

எழுத்துத் தெரியாத இருளப்பசாமிக்கும் அந்தத் தாளின் வடிவம் தெரியும்.

"மூலையில என்னமோ கூடக் கெடக்கேம்மா."

"எம் பேருண்ணே."

"பெரியவுக வைவாகம்மா."

"ஒங்கள வைய மாட்டாக. நானே கொண்டுவாரேன்."

அவர் சாக்கை எடுத்தார், அவள் வேண்டாமென்றாள். எந்திரம் வெயிலில் பளபளக்க, இருவரும் வரப்பை விட்டுச் சாலையிலேயே நடந்தார்கள்.

அலுவலகத்தில் தலைகள் கோப்புகளுக்குள் தாழ்ந்தன. சங்கரலிங்கம் நிமிரவில்லை. அவர் மேசையில் தாளை வைத்தாள்.

"இன்னைக்கு அடிச்சதுய்யா. நாந்தான் அடிச்சேன்."

அவருடைய பார்வை தாளின் தேதியில் நின்றது. அவளை நோக்கி ஏறவில்லை. அவள் வருகைப் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பினாள். அவள் பெயருக்கு நேரே, அன்றைய கட்டத்தில், காலையிலேயே சிவப்புக்கோடு இழுத்திருந்தார்கள். பேனாவை மையில் தொட்டு, கோட்டின் மேலேயே முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டாள். எட்டுப் பேரும் அப்போதுதான் நிமிர்ந்தார்கள். சிவப்பின் மேல் நீலம் காயாமல் பளபளத்தது. மையொற்றும் தாளை எடுக்க யாருடைய கையும் நீளவில்லை.