செவ்வாய் நின்ற இடம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: மழைக்கு ஒதுங்கிய இடத்தில் கிடைத்த கதை இது. ஒதுங்கியது ஓர் அறிவியல் காட்சியகத்தில். அங்கே ஒரு பெண், பித்தளைச் சக்கரங்கள் வைத்த கிரக மாதிரி ஒன்றின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தார். "தொடாதீர்கள்" என்ற அட்டை அவர் முழங்கைக்குக் கீழேயே இருந்தது. மற்றதெல்லாம் என் கற்பனை.

முதல் வரைவு இப்படித் தொடங்கியது: "காட்சியக அதிகாரி காலை ஏழு மணிக்கே வந்து, மேடையைத் துடைக்கச் சொல்லிவிட்டு," வேண்டாம். இவரை நடுவில் வைத்தால் கதை நகரவில்லை. (கதை நகர, அவருக்கு முழங்கால் வலி கொடுத்துப் பார்த்தேன்.) (சின்ன வயதில் ஒரு தொலைநோக்கி.) (அது உடைந்தது.)

பூமியை நடுவில் வைத்த பழங்காலத்தாரும் இதைத்தான் செய்தார்கள். வானில் முன்னே போய்க்கொண்டிருக்கும் செவ்வாய் திடீரெனச் சில வாரங்கள் பின்னால் வரும். அதைச் சமாளிக்க, பெரிய வட்டத்தின் மேல் ஒரு சின்ன வட்டத்தை மாட்டினார்கள். என் அடைப்புக்குறிகளும் அந்த ரகம்தான்.

2

அதிகாரியை ஓரமாகத் தள்ளிவிட்டு, கைப்பிடி சுற்றிய அந்தப் பெண்ணை, மாதிரிகளைச் செய்த ஃபிட்டராக்கி நடுவில் வைத்தேன். அடைப்புக்குறிகள் தாமாக உதிர்ந்தன. அதிகாரிக்கு முழங்கால் வலியும் போயிற்று, எனக்கு மகிழ்ச்சி.

ஃபிட்டர் செய்தவை இரண்டு மாதிரிகள். ஒன்றில் பூமி நடுவில். சின்ன வட்டங்களோடு நான்கு மாத உழைப்பு. இன்னொன்றில் சூரியன் நடுவில், ஆறே வாரம். அன்று காலை பத்து மணிக்குத் திறப்பு விழா. மேடையில் ஒன்றுக்குத்தான் இடம்.

"பழசு தப்பும்மா. பழைய சாமானோட போட்டுடலாம்" என்றார் அதிகாரி.

ஃபிட்டர் பழைய மாதிரியின் கைப்பிடியை விடவில்லை. நான்கு மாதம் போனால் போகட்டும், மாமியார் தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்தாயிற்று: "என் மருமக செஞ்ச செவ்வாய் பின்னாடி நடக்கும்!"

"ஒரே ஒரு சோதனை சார். ரெண்டையும் சுத்தி இன்னிக்குத் தேதிக்குக் கொண்டு வர்றேன். செவ்வாய் எங்க நிக்குதுன்னு பார்த்துட்டு முடிவு பண்ணுங்க."

3

வானியல் அட்டவணையை விரித்தார்கள். பழைய மாதிரியின் செவ்வாய் அட்டவணை சொன்ன இடத்தில் கச்சிதமாக நின்றது. புதியதில் பூமியிலிருந்து நூல் பிடித்துப் பார்த்தால், நான்கு விரல் தள்ளி நின்றது. அதிகாரியின் முகத்தில் ஈயாடவில்லை.

"அப்போ பூமிதான் நடுவுலயா?"

"ஐயோ, இல்ல சார், சூரியன்தான். நீங்க குடுத்த படத்துல பாதை முழு வட்டமா இருந்துச்சு, அப்படியே செஞ்சுட்டேன். கொஞ்சம் நசுங்கின வட்டமா இருக்கணும். சூரியனும் கொஞ்சம் ஓரமா."

"மாத்த எத்தனை நாளாகும்?"

"மூணு வாரம்."

மணி ஒன்பது நாற்பது.

(சூரியனை நடுவில் கொண்டுவந்தவர்களும் வட்டத்தை விட மனசில்லாமல் மறுபடி சின்ன வட்டங்களை மாட்டினார்கள். பாதை நசுங்கியது என்று கண்டுபிடிக்க அறுபது வருடத்துக்கு மேல் ஆயிற்று. இந்த ஓர் அடைப்புக்குறியை மட்டும் நான் கழற்றப்போவதில்லை.)

4

முடிவு ஒன்று: புதியது மேடை ஏறுகிறது. செவ்வாய் தப்பான இடத்தில் நிற்பது ஃபிட்டரைத் தவிர யாருக்கும் தெரியாது. அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எனக்கும் இறங்காது, வேண்டாம்.

முடிவு இரண்டு: பழையது ஏறுகிறது. பார்த்துவிட்டுப் போன பிள்ளைகள் எல்லாரும் பரீட்சையில், பூமிதான் நடுவில் என்று எழுதிவிட்டால்? இதுவும் வேண்டாம்.

முடிவு மூன்று: இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். பெருமையாக மனைவியிடம் காட்டினேன். "மேடையில ஒண்ணுக்குத்தான் இடம்னு நீங்கதானே எழுதினீங்க?" மூக்குடைந்து திரும்பினேன்.

ஆகவே, பத்துக்கு ஐந்து நிமிடம். மாமியார் தெருவையே திரட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார். "எங்க, என் மருமக செஞ்சது?"

அதிகாரி கதவைப் பார்த்தார், இரண்டு மாதிரிகளையும் பார்த்தார், பிறகு ஃபிட்டரைப் பார்த்தார். "செஞ்சவங்க நீங்க. எதை வைக்கட்டும்னு நீங்களே சொல்லுங்கம்மா."

என் பதினோரு வரைவுகளில் யாரும் அவரிடம் இதைக் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை, வெட்கமாக இருக்கிறது. அவருக்குக் கண் கலங்கியது, கூடவே சிரிப்பும் வந்தது. ஒரு மாதிரியின் மேல் கையை வைத்தார்.

எதன் மேல் என்று நான் எழுதினால், மறுபடி நானே நடுவில் போய் உட்கார்ந்துவிடுவேன். கொஞ்சம் நகர்ந்துகொள்கிறேன், நீங்கள் எட்டிப் பார்த்துச் சொல்லுங்கள். சீக்கிரம், மாமியார் கதவைத் தட்டுகிறார்.