அலோசியஸின் பென்சில் குறிப்புகள்

"புத்தகம் எங்க?" என்றுதான் ஹம்சிகா முதலில் கேட்டாள். வாங்கிவரப் போன அபிஷன் மேசையில் வைத்தது ஒரு பென்டிரைவ் மட்டும்.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் ஒரு மூன்றாம் மாடி அறை. ஐந்து வருடமாக இருவரும் அங்கே பழைய புகைப்படச் செய்முறை நூல்களைப் படமெடுத்துக் கணினியில் ஏற்றிவந்தார்கள். புத்தகத்தின் முதுகை வெட்டித் தாள் தாளாக ஸ்கான் மெசினுக்குள் விட்டால் அரை மணித்தியாலத்தில் வேலை முடியும். ஆனால் வெட்டுவதில்லை என்று விதி வைத்திருந்தார்கள். அதற்காகவே புத்தகத்தைப் பாதி மட்டும் திறந்து கிடத்தும் பலகைத் தொட்டில் ஒன்றையும் சேர்ந்து செய்தார்கள். விதியை எழுதிச் சுவரில் ஒட்டியவனே இந்த அபிஷன்தான், அதையும் சொல்லிவிட வேண்டும்.

"வெட்டினனான்," என்றான், நகம் வெட்டியதைச் சொல்வதுபோல.

"அது பிறிஜெற் அன்ரியின்ர புத்தகம். உனக்கென்ன விசரா?"

"வெள்ளிக்கிழமைக்குள்ள நாப்பது புத்தகம் குடுத்தாத்தான் அந்த வெளிநாட்டு லைப்ரரி எனக்கு வேலைக் கடிதம் அனுப்பும். கையால புரட்டிக்கொண்டிருந்தா முடியுமே?"

"என்ன வேலை? எனக்கு நீ சொல்லவேயில்லையே."

"சொன்னா நீ குழம்புவாய். உள்ளுக்கு இருக்கிறதெல்லாம் பத்திரம். திறந்து பார்."

ஐந்து வருடம் ஒரே பிளேன்ரீயைப் பங்கிட்டுக் குடித்தவன், வெளிநாட்டுக்குப் போகப்போகிறவன், கூச்சமே இல்லாமல் நின்றான். ஹம்சிகாவுக்கு அவனோடு பேசவே பிடிக்கவில்லை. ஆனாலும் திறந்தாள். அவளுக்குத் தேவை அச்சடித்த பக்கமல்ல. அந்த ஆங்கில நூலின் இன்னொரு பிரதி எங்காவது பெரிய நூலகத்தில் கிடக்கும். இந்தப் பிரதியின் ஓரங்கள் வேறெங்கும் இல்லை. பிறிஜெற்றின் புருஷன் அலோசியஸ் ஸ்டூடியோவில் கலர் படம் கழுவிப் பிழைத்தவர். வீட்டுக் குசினியில் பழைய கார்பன் முறையில் படம் அச்சிட்டுப் பார்ப்பது அவருடைய பைத்தியம். குளிர்நாட்டுக்காரன் எழுதிய செய்முறை கொட்டாஞ்சேனைப் புழுக்கத்தில் பலிக்குமா? படத்தைத் தாங்கும் ஜெலற்றின் பசை உருகி வழியும். எத்தனை பனிக்கட்டி, எவ்வளவு படிகாரம், எந்த மாதத்தில் எது சரிவந்தது என்று நாற்பது வருடப் பரிசோதனையை ஓரமெல்லாம் பென்சிலால் எழுதிவிட்டுத்தான் கண்ணை மூடினார்.

திரையில் ஓரங்கள் வெள்ளை வெளேரென்று கிடந்தன. அடுத்த பக்கம், அதற்கடுத்தது, கடைசி வரைக்கும் அப்படித்தான்.

"பென்சில் எழுத்து எங்கயடா?"

அபிஷன் எட்டிப் பார்த்தான். முகம் சற்று மாறியது. "கறுப்பு வெள்ளையில விட்டனான். மெசின் மங்கலா இருக்கிறதையெல்லாம் ஊத்தையெண்டு தானாத் துடைச்சுப்போடும்."

"தாள்?"

"மருதானையில, வெட்டின கடையில விட்டிட்டன். போன கிழமை."

அவள் கடைக்குப் போன் எடுத்துச் சிங்களத்தில் கெஞ்சினாள். பழைய பேப்பர் லொறி செவ்வாய்க்கிழமையே ஏற்றிக்கொண்டு போய்விட்டதாம். போனை வைத்துவிட்டு, "இனி என்ர முகத்தில முழிக்காத," என்றாள். அவன் பையை எடுத்துக்கொண்டு போனான். மன்னிப்பென்று ஒரு சொல் அவன் வாயில் வரவில்லை.

அடுத்த நாள் காலையில் மடிகணினியைத் தூக்கிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்கு பஸ் ஏறினாள். பூசி மெழுகுவதில்லை, உள்ளதைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று வழி முழுக்கத் தனக்குள் சொல்லிக்கொண்டாள். பிறிஜெற் அன்ரி கதிரையை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

"அன்ரி, அபிஷன் ஆரையும் கேக்காமல் புத்தகத்தை வெட்டிப்போட்டான்."

"கேக்காமலோ?" அன்ரி விளங்காமல் பார்த்தார். "நீங்கள்தானே, மகள், கடிதம் குடுத்து அனுப்பினீங்கள்?"

அலுமாரியிலிருந்து ஒரு தாளை எடுத்துவந்தார். வெட்டினால்தான் குறிப்புகள் தெளிவாக விழும், தயவுசெய்து சம்மதம் தாருங்கள் என்று தட்டச்சில் இருந்தது. கீழே ஹம்சிகாவின் கையெழுத்து. திட்டப் படிவங்களுக்கென்று ஒருநாள் போட்டு, ஸ்கான் செய்து இருவருடைய கணினியிலும் சேமித்து வைத்திருந்த அதே கையெழுத்து.

"அந்தத் தம்பி வெட்டட்டோ எண்டு ரெண்டு தரம் வந்து கேட்டவர். நான் மாட்டன் எண்டு சொல்லிப்போட்டன். பிறகு உங்கட கையெழுத்தைக் கண்டுதான் குடுத்தனான்."

ஹம்சிகா தாளை வாங்கித் திரும்பத் திரும்பப் பார்த்தாள். புத்தகம் போனது ஒரு பக்கம். அதை வாங்க அந்தப் பாவி அவளையல்லவா விற்றிருக்கிறான்.

"சத்தியமா அது நான் வைக்கேல்ல, அன்ரி."

அன்ரி கையெழுத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். சண்டை பிடிக்கவில்லை. "சரி, இருக்கட்டும். அவரின்ர எழுத்தைக் காட்டுங்கோ."

"அன்ரி, அது…"

"காட்டுங்கோ மகள்."

வேறு வழியில்லாமல் மடிகணினியைத் திறந்து திருப்பி வைத்தாள். அன்ரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையோடு முகத்தை வைத்துப் பார்த்தார். முதல் பக்கத்தின் ஓரத்தை விரலால் தடவினார். அடுத்த பக்கம் கேட்டார். அதற்கடுத்ததும் கேட்டார். ஏழெட்டுப் பக்கத்துக்குப் பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"வடிவாத் துடைச்சிருக்கிறீங்கள்," என்றார்.

ஹம்சிகாவின் கையெழுத்து இருந்த கடிதத்தை நாலாக மடித்து, பத்திரமாக அலுமாரியில் வைத்துப் பூட்டினார்.