மச்சானின் கை

1.

இந்தக் கதைக்குக் காரணம் என் வாய்க்கொழுப்பு. ரத்த அழுத்த விழிப்புணர்வுக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கக் கூப்பிட்டார்கள். "சிகிச்சை எல்லோருக்கும் எட்டும் தூரத்தில் இருக்கிறது" என்று முழங்கிவிட்டு இறங்கினேன். கீழே ஒருவர் கேட்டார்: "எட்டற தூரம் சரிங்க. எட்டற நேரம்?"

கேள்வி அவருடையது. மீதி நான் புனைந்தது.

2.

முதல் தொடக்கம்: அமைதிக் கொலையாளி எனப்படும் ரத்த அழுத்தமானது மனிதகுல வரலாற்றில்...

(அடித்துவிட்டேன். மனிதகுலம் வரிசையில் நிற்கட்டும்.)

இரண்டாவது: ஒரு பஸ் டிரைவர், பிரஷர்காரர். இலவச மாத்திரை தரும் கிளினிக் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை. இந்த மாதத்திலிருந்து அவர் பஸ்ஸும் அதே நேரம்தான். ஆள் நேரில் வந்து பிரஷர் பார்த்தால்தான் மாத்திரை. கிளினிக் அட்டையில் படம் கிடையாது. மனைவியின் அண்ணனான தையற்காரரைப் பிடித்தார்.

"கையை நீட்டினாப் போதும் மச்சான்."

"ஊருக்கே அளவெடுக்கறவன் நான். எனக்கும் அளவெடுக்க ஒரு ஆளா, போறேன்."

"கொஞ்சம் கூடக் காட்டணும். குறைஞ்சா மாத்திரையைக் குறைச்சிடுவாங்க."

"ஓடிப் போய் உக்காரறேன், விடுங்க மாப்ள."

(ஐம்பது வயது மனிதர் இவ்வளவு சுலபமாகச் சம்மதிப்பாரா? சந்தேகித்தேன். தங்கை புருஷன் கேட்டால் கழுத்தையே நீட்டுகிறவர்கள் உண்டு. இவர் கையைத்தானே நீட்டினார்.)

3.

புதிதாக வந்த நர்ஸ் தையற்காரரின் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றேற்றினார். இறக்கினார். மறு கையில் சுற்றினார்.

"ஓடி வந்தீங்களா?"

"இல்லம்மா." ஓட மறந்துவிட்டோமே என்றுதான் அவருக்கு வருத்தம்.

ஐந்து நிமிடம் கழித்து மூன்றாம் முறை. இருநூற்றுப் பதினாறு, கீழே நூற்று முப்பது.

"போன மாசம் நூத்தம்பதுதானே?" நர்ஸ் அட்டையைப் புரட்டினார். "கண்ணு மங்கலா தெரியுதா?"

மூன்று மாதமாக ஊசியில் நூல் கோக்க மனைவியைத்தான் கூப்பிடுகிறார். கண்ணாடியை மாற்றவேண்டும் என்று நினைத்திருந்தார்.

யாரோ கொடுத்துவிட்டுப் போன பொருளைப் போலத் தன் கையையே பார்த்தார்.

"எந்திரிக்காதீங்க. பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டி சொல்றேன். இந்த அட்டை இருந்தா உடனே சேத்துக்குவாங்க."

4.

முடிவு ஒன்று: உண்மையைச் சொல்கிறார். அட்டை பறிபோகிறது. மாப்பிள்ளைக்கு மாத்திரை நிற்கிறது. இவருக்குப் புது அட்டை வர ஆறு வாரம்.

முடிவு இரண்டு: வாயைத் திறக்கவில்லை. டிரைவரின் பெயரில் படுத்துக்கொள்கிறார். இவருடைய இருநூற்றுப் பதினாறுக்கு எழுதிய மாத்திரையை அடுத்த மாதம் டிரைவர் விழுங்கிவிட்டு ஸ்டியரிங்கைப் பிடிக்கிறார். பின்னால் நாற்பது பேர்...

முடிவு மூன்று: டாக்டர் கருணையோடு புன்னகைத்து...

(வெட்கமாக இருக்கிறது. கூட்டத் தலைவர்கள்தான் இப்படி முடிப்பார்கள்.)

வண்டி வந்துவிட்டது. நர்ஸ் பேனாவோடு குனிந்திருக்கிறார்.

"பேரு சொல்லுங்கய்யா. அட்டையில இருக்கறதுதானே?"

எந்தப் பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் சீக்கிரம் அவரிடம் சொல்லுங்கள். அவர் கையிலிருந்து பட்டையை இன்னும் கழற்றவில்லை.