சிவப்புக் குடைக்காரி வீடு வந்த கதை

செல்வநாயகிக்கு ஜப்பானிய மொழியில் ஓரெழுத்துக்கூடத் தெரியாது. ஆனாலும் குடிபெயர்ந்து வந்த தெற்கு நாட்டில், ஆனி ஆடியில் வரும் அந்தக் குளிர்காலம் முழுவதும், த்ரீ கிங்ஸ் கடைத்தொகுதிக்குப் பக்கத்து நூலகத்தில், சிறுவர் பகுதியின் நீலக் கம்பளத்தில் சப்பணம் கட்டி உட்கார்ந்து, ஒரு ஜப்பானியப் புத்தகத்தை மகள் சிவானிக்குக் கடகடவென்று வாசித்துக்கொண்டிருந்தாள். நெஞ்சழுத்தம் என்றால் அப்படியொரு நெஞ்சழுத்தம்.

பழி முழுவதையும் அவள் தலையில் போடவும் முடியாது. வேற்றுமொழிப் புத்தகங்களுக்கென்று அங்கே ஓர் அலமாரி இருந்தது. சீனம் இருந்தது, சமோவன் இருந்தது, இந்தியும் இருந்தது. தமிழ் மட்டும் இல்லை. ஆங்கிலப் புத்தகம் எடுத்தாலோ, செல்வநாயகி இரண்டு வரி வாசிப்பதற்குள் ஆறு வயதுச் சிவானி அவளுடைய உச்சரிப்பைத் திருத்துவாள். மூன்றாவது வரியில் புத்தகம் பிள்ளையின் கைக்குப் போய்விடும். அதற்குப் பிறகு அம்மாவுக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது. கம்பளத்தின் ஓரத்தில் இருந்து மழையைப் பார்க்கலாம்.

அப்படி ஒரு மழைநாளில்தான் சிவானி அந்தப் புத்தகத்தை உருவிக்கொண்டு வந்து மடியில் போட்டாள். வாசிக்கும்படி ஆங்கிலத்தில் சொன்னாள். செல்வநாயகி அட்டையைத் திறந்தாள். எழுத்துகள் மேலிருந்து கீழே மழைபோல் இறங்கின. எனக்கு இது தெரியாது பிள்ளை என்று சொல்ல வாயெடுத்தவள், பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். திருத்துவதற்கு ஒன்றும் இல்லாமல் அந்த முகம் சும்மா காத்திருந்தது. அப்படி அது காத்திருந்து எவ்வளவு காலம்!

"ஒரு பெரிய கடல்," என்று தொடங்கினாள் செல்வநாயகி. "அதில ஒரு கப்பல். கப்பலில ஒரு பிள்ளை வருது. பிள்ளையின்ர கையில ஒரு சிவப்புக் குடை."

படத்தில் இருந்தது அவ்வளவுதான்: கடலும் அதன் நடுவில் ஒரு சிவப்புப் புள்ளியும். அடுத்த பக்கத்தில் துறைமுகம். அதற்கடுத்ததில் ஒரு பாலம், பாலத்தடியில் ஒரு நரி. பிறகு வெண்பனி மூடிய ஒரு குறுகிய ஒழுங்கை, இரண்டு பக்கமும் விளக்கெரியும் யன்னல்கள். எல்லாப் படத்திலும் அந்தச் சிவப்புக் குடை இருந்தது. குடைக்குக் கீழே பிள்ளையின் பாவாடைக் கரை மட்டும் தெரியும். எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறாள் என்று கண்டுபிடிக்க முடியாது. கடைசிப் பக்கத்தில் ஒரு வீடு. திறந்த வாசலில் ஒரு தாய். அவளுக்குப் பின்னால் அடுப்பில் ஒரு பானை ஆவி பறக்க நின்றது.

புத்தகம் திருப்பிக் கொடுக்கவேண்டிய திகதித்தாளை முதல் பக்கத்தில் ஒட்டாமல் கடைசிப் பக்கத்தில் கொண்டுபோய் ஒட்டியிருந்தார்கள். இவ்வளவு பெரிய நூலகத்தில் இதுகூடத் தெரியாத ஆட்களா என்று செல்வநாயகி மனதுக்குள் ஒரு சிரிப்புச் சிரித்துக்கொண்டாள்.

பனி ஒழுங்கைப் படத்தில் சிவானி ஒரு கேள்வி கேட்டாள். பிள்ளை இன்னும் வீட்டுக்குப் போகவில்லையே, அவளுக்கும் வீட்டுக்கும் நடுவே பனியில் காலடிகள் கிடக்கின்றனவே, அவை யாருடையவை?

செல்வநாயகியின் வாயில் பதில் தானாக வந்தது. "அது தாயின்ர காலடி. பிள்ளை வருதோ எண்டு தாய் ஒழுங்கை திரும்புற முடக்கு வரைக்கும் வந்து பாத்திட்டுப் போயிருக்கிறா. பிள்ளை அந்தக் காலடியில தன்ர காலை வச்சு வச்சு நடந்து போகுது. அப்ப வழி தவறாது, என்ன?"

சிவானி அம்மாவின் கையோடு ஒட்டிக்கொண்டாள். அன்று முதல் அந்தப் புத்தகம் வீட்டுக்கும் நூலகத்துக்குமாக அலைந்தது. திகதி முடிந்தால் மறுபடி முத்திரை குத்தி எடுத்து வருவார்கள். வாசிப்பது மட்டும் அந்த நீலக் கம்பளத்தில்தான். கடைசிப் பக்கம் வந்தால், பானைக்குள் என்ன இருக்கிறது என்று செல்வநாயகி சொல்வாள். ஒரு நாள் தேங்காய்ப்பால் சொதி இருக்கும், ஒரு நாள் ரசம் இருக்கும். அன்றிரவு வீட்டில் என்ன சமைக்கப் போகிறாளோ அது பானைக்குள் போய்விடும்.

பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு சிவானி தமிழில் கேட்டதற்கெல்லாம் ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். பிறகு பதிலும் குறைந்தது. எல்லர்ஸ்லியில் கணினி நிறுவனமொன்றில் வேலை செய்யும் கணவன் பார்த்தீபன், "விடும், எல்லாப் பிள்ளையளும் அப்பிடித்தான்," என்பான். அவனுக்கு அது சுலபம். அவன் பிள்ளையோடு ஆங்கிலத்தில் கதைப்பான். செல்வநாயகியின் ஆங்கிலம் கடைக்காரரோடு சரி, மகளோடு போதாது. தமிழில் மகள் அவளிடம் வந்து உட்காருவது அந்தக் கம்பளத்தில், அந்தப் புத்தகம் திறந்திருக்கும் நேரம் மட்டும்தான். ஆகவே, அம்மாவுக்கு ஜப்பானிய மொழி தெரியும் என்று பிள்ளை நம்பினால் நம்பிவிட்டுப் போகட்டும். பொய்தான். அந்தப் பொய் போனால் பிள்ளையும் போய்விடுவாள் என்று அவள் மெய்யாகவே பயந்தாள்.

அக்டோபர் மாதம், நவராத்திரி நடந்துகொண்டிருந்தபோது மாட்டிக்கொண்டாள்.

நூலகத்தில் வேலை செய்யும் பெவர்லி, கண்ணாடியைச் சங்கிலியில் கோர்த்துக் கழுத்தில் தொங்கவிட்டிருக்கும் வெள்ளைக்காரப் பெண்மணி. அவள் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. அன்றும் மெல்ல வந்து கம்பளத்தருகே குனிந்தாள்.

"உங்களுக்கு ஜப்பானிய மொழி தெரியும் என்று சிவானி சொன்னாள். என்ன அருமை! இந்தப் புத்தகத்தை எங்களுக்குத் தந்தவர் டொமோகோ என்ற பெண். பூக்கடையில் வேலை செய்கிறார். சனிக்கிழமை கதை நேரத்துக்கு அவர் வந்து இதை ஜப்பானிய மொழியில் வாசிப்பார். நீங்கள் பக்கம் பக்கமாகத் தமிழில் சொல்ல வேண்டும். செய்வீர்களா?"

மடியிலிருந்த சிவானி நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் இல்லை என்று எப்படிச் சொல்வது? "யெஸ்," என்று சொல்லிவிட்டாள்.

வீட்டுக்கு வந்தவள் முதல் வேலையாக அந்தப் புத்தகத்தைச் சரஸ்வதி பூசைக்கு வைத்தாள். சிவானியின் பள்ளிக்கூடப் புத்தகங்களுக்கு மேல், பார்த்தீபனின் கணினிப் புத்தகங்களுக்குப் பக்கத்தில் வைத்து, பிளாஸ்டிக் உறை போட்ட அட்டையில் சந்தனமும் குங்குமமும் இட்டாள்.

"லைப்ரரிப் புத்தகத்துக்கும் பொட்டோ?" என்று பார்த்தீபன் சிரித்தான்.

"சும்மா இரும். பூசைக்கு வச்ச புத்தகத்தை விசயதசமி வரைக்கும் ஒருத்தரும் தொடப்படாது."

தொடக்கூடாது என்றால் வாசிக்கவும் வேண்டியதில்லை அல்லவா? அந்த நிம்மதி வெள்ளிக்கிழமை வரைக்கும்தான். விளக்கின் முன்னால் நின்று செல்வநாயகி அம்பாளிடம் பேரம் பேசிப் பார்த்தாள். கல்வியெல்லாம் வேண்டாம். ஒரேயொரு பாஷை, சனிக்கிழமை காலையில் கொஞ்ச நேரத்துக்குத் தந்தால் போதும். அம்பாள் வீணையை வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தாள்.

அன்றிரவு கனவில் அவள் நீலக் கம்பளத்தில் நடந்தாள். கால்வைத்த இடமெல்லாம் பனியாயிற்று. அலமாரிகள் வீடுகளாயின, புத்தகங்களுக்கிடையே யன்னல் யன்னலாக விளக்கெரிந்தது. ஒவ்வொரு கதவாகத் தட்டி, என்ர பிள்ளை இங்க இருக்கிறாளோ என்று கேட்டுப் போனாள். திறந்தவர்களெல்லாம் அன்பாகத்தான் பேசினார்கள். ஒரு சொல்லும் விளங்கவில்லை.

விசயதசமியும் கதை நேரமும் ஒரே சனிக்கிழமையில் வந்து நின்றன. தூறல் விட்டு, நூலகத்துக் கண்ணாடிச் சுவர் முழுக்க மங்கலான வெளிச்சம் ஒழுகிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் கம்பளத்தில் குவிந்திருந்தார்கள். முன்னால் இரண்டு நாற்காலிகள். ஒன்றில், சாம்பல்நிறக் கோட்டுப் போட்ட ஐம்பது வயதுப் பெண் டொமோகோ இருந்தாள். அவளைச் சுற்றி நனைந்த பூக்களின் வாசனை இலேசாக வந்தது. செல்வநாயகி மற்றதில் உட்கார்ந்தாள்.

டொமோகோ புத்தகத்தை வாங்கி, சந்தனக் குங்குமப் பொட்டைப் பார்த்தாள். புருவத்தை உயர்த்தினாள். பொட்டு இருந்த பக்கம் கீழே போகுமாறு புத்தகத்தைத் திருப்பி மடியில் வைத்தாள். பிறகு மறுபக்கத்து அட்டையைத் திறந்தாள்.

திறந்த பக்கத்தில் திகதித்தாள் இருந்தது. அதற்கடுத்ததாக வீடு இருந்தது. வாசலில் தாய், அடுப்பில் பானை.

செல்வநாயகிக்கு எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கிற்று. நூலகத்து ஆட்கள் ஒரு பிழையும் விடவில்லை. ஜப்பான்காரர் புத்தகத்தை அந்தப் பக்கமிருந்துதான் திறப்பார்கள். அவள் இவ்வளவு காலமும் கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கத்துக்கு வாசித்திருக்கிறாள். அந்தப் பிள்ளை வீட்டுக்கு வரவில்லை; தாயை விட்டுப் புறப்பட்டுப் போகிறாள். பனியில் கிடந்தவை அவளே விட்டுப் போகும் காலடிகள்.

டொமோகோ முதல் பக்கத்தை வாசித்தாள். தாழ்ந்த, நனைந்த குரல். வாசித்து முடித்துத் தலையை இலேசாகக் குனிந்து, உங்கள் முறை என்பதுபோல் செல்வநாயகியைப் பார்த்தாள். பிள்ளைகள் பார்த்தார்கள். பெவர்லி புன்னகையோடு பார்த்தாள். செல்வநாயகி வாசலில் நின்ற தாயின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இனி ஒளிக்க ஒன்றுமில்லை என்று நினைத்தாள். சிவானி இருந்த பக்கம் பார்க்க அவளுக்குத் துணிவில்லை.

கம்பளத்திலிருந்து சிவானி எழுந்து வந்தாள். டொமோகோவின் மடியிலிருந்த புத்தகத்தை, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் எடுத்தாள். திருப்பினாள். பொட்டு வைத்த பக்கம் மேலே வந்தது.

"என் அம்மாவின் கதை இந்தப் பக்கத்திலிருந்து தொடங்கும்," என்று ஆங்கிலத்தில் எல்லாருக்கும் சொன்னாள். "அம்மாவுக்கு ஜப்பானிய மொழி தெரியாது. அவர் தமிழில் சொல்வார். நான் உங்களுக்கு ஆங்கிலத்தில் சொல்கிறேன்."

செல்வநாயகிக்கு முகம் பற்றி எரிந்தது. ஆனால் மகள் புத்தகத்தை நெஞ்சோடு சாய்த்துப் பிடித்துக்கொண்டு, அந்தப் பழைய காத்திருக்கும் முகத்தோடு அவளையே பார்த்து நின்றாள். கடல் திறந்திருந்தது.

"ஒரு பெரிய கடல்," என்றாள் செல்வநாயகி. "அதில ஒரு கப்பல். கப்பலில ஒரு பிள்ளை வருது..."

சிவானி சொன்னாள். ஒரு சொல் விடாமல் சொன்னாள். செல்வநாயகி மறந்துபோய் விட்டதைக்கூட, நரி பாலத்தடியில் குளிருக்குப் பல்லை நறநறத்ததைக்கூட, எப்போதோ ஒரு மழைநாளில் கேட்டதை வைத்திருந்து எடுத்துச் சொன்னாள். இந்தப் பிள்ளைக்குத் தமிழ் போய்விட்டது என்றா தினமும் பயந்துகொண்டிருந்தோம் என்று செல்வநாயகி நினைத்தாள். எங்கேயும் போகவில்லை. அது அவளுக்குள் பத்திரமாக இருந்திருக்கிறது.

பனி ஒழுங்கை வந்தது. தாயின் காலடி, அதில் பிள்ளை கால் வைத்து நடக்கிறாள் என்று சிவானி ஆங்கிலத்தில் சொன்னதும், டொமோகோ கோட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கடைசியில் பானைக்குள் அன்று கடலை இருந்தது. விசயதசமிக்குச் செல்வநாயகி கடலை ஊறப்போட்டிருந்தாள். பிள்ளைகள் கை தட்டினார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு டொமோகோ அவளிடம் வந்தாள். இருவருடைய ஆங்கிலமும் ஏறக்குறைய ஒரே அளவு நொண்டும் என்பதால் பேச்சு நன்றாகவே நடந்தது.

"மன்னியுங்கோ," என்றாள் செல்வநாயகி. "உங்கட புத்தகத்தைத் தலைகீழாக்கிப் போட்டன்."

டொமோகோ தலையசைத்தாள். அந்தப் புத்தகம் அவளுக்கு அவள் தாய் அனுப்பியது. கலியாணம் முடித்து இந்த நாட்டுக்கு வந்தவள் பிறகு பனிக்காலத்தில் ஊருக்குப் போகவேயில்லை. தாய் இறந்தபோதும் போக முடியவில்லை. புறப்பட்டுப் போகிற அந்தப் பிள்ளையை வீட்டில் வைத்துப் பார்க்க மனம் தாங்காமல்தான் நூலகத்துக்குக் கொடுத்துவிட்டாள்.

"எத்தனையோ முறை வாசித்தேன்," என்றாள். "அந்தக் காலடிகளில் திரும்பி நடக்கலாம் என்று எனக்குத் தோன்றவேயில்லை." பொட்டை விரல் நுனியால் தொட்டாள். "இதைத் துடைக்க வேண்டாம் என்று பெவர்லியிடம் சொல்கிறேன். இந்தப் பக்கமும் முன்பக்கம்தான்."

வெளியே மழை மறுபடி பொடிப்பொடியாக விழத் தொடங்கியிருந்தது. தாயும் மகளும் ஒரு குடைக்குள் நடந்தார்கள். கேட்காமல் இருக்கச் செல்வநாயகியால் முடியவில்லை.

"அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாதெண்டு எப்ப தெரியும் உனக்கு?"

சிவானி ஒரு தண்ணீர்க் குட்டையைத் தாண்டினாள். "ஃபர்ஸ்ட் டே," என்றாள்.

"அப்ப ஏன் பெவர்லியிட்ட அப்பிடிச் சொன்னனி?"

உனக்கு இது தெரியாதா என்கிற மாதிரிப் பிள்ளை அம்மாவைப் பார்த்தாள். உங்களுக்கு வாசிக்கத் தெரியாது என்று தெரிந்தால் பெவர்லி புத்தகத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவாளே என்று ஆங்கிலத்தில் சொன்னாள். ஈரமான நடைபாதையில் செல்வநாயகியின் செருப்புத் தடம் பதியப் பதிய, பின்தங்கி நின்று அதில் தன் சப்பாத்தை வைத்து வைத்து நடந்து வந்தாள்.

வீட்டு வாசலில் சிவானி வாய் திறந்தாள். சொற்கள் ஒவ்வொன்றாக, தடக்கித் தடக்கி வந்தன.

"அம்மா, பசிக்குது. எங்கட பானைக்குள்ள என்ன?"