பதினொரு பூச்சு

வடக்கனந்தலில் பெயிண்டர் சின்னப்பன் வீட்டு மேற்குச் சுவர் ஆண்டுக்கு நான்கு விரல் உள்ளே வந்தது. வெளியிலிருந்து பார்த்தால் அது கட்டிய இடத்திலேயே இருந்தது. உள்ளே அறை குறைந்தது. முதலில் கதவு முழுதாகத் திறக்கவில்லை. பிறகு கட்டிலைத் திருப்பிப் போட்டார்கள். பதினோராம் ஆண்டு கட்டிலை வெளியே எடுத்துவிட்டுப் பாயில் படுத்தார்கள். அந்தச் சுவரில் முன்பு ஒரு ஜன்னல் இருந்தது. கல்யாணத்துக்கு மனைவி அமலோற்பவத்தின் அப்பா கொடுத்த இரும்பு பீரோவை வைக்க வேறு இடம் இல்லாததால் சின்னப்பன் ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தான். அடுத்த ஐப்பசி மழையில் சுவரில் பூசணம் பூத்தது. கிறிஸ்துமஸுக்கு முன்பு பீரோவை நகர்த்திப் பூசணத்தின்மேல் பெயிண்ட் அடித்தான். மறு ஐப்பசியில் பூசணம் பெயிண்டின் மேல் வந்தது. மறுபடி அடித்தான். வேலைக்குப் போன இடங்களில் மிஞ்சியதுதான்: மண்டபத்து ரோஸ், பள்ளிக்கூடத்து மஞ்சள், மருந்துக்கடைப் பச்சை. பெயிண்டர் வீட்டுச் சுவர் கறுப்பாக இருந்தால் யார் வேலைக்குக் கூப்பிடுவார்கள் என்பது அவன் கணக்கு.

மகள் செலினாவுக்குப் பத்து வயது. பிறந்த மூன்றாம் மாதத்திலிருந்து இளைப்பு. கள்ளக்குறிச்சி டாக்டர் ஒவ்வொரு மழைக்காலமும் அவள் முகத்தில் மூடியைப் பொருத்தி மருந்துப் புகை பிடிக்க வைத்தார். இந்தக் கார்த்திகையில் அவள் உதடு நீலமாகிவிட்டது. டாக்டர் குழந்தையின் சட்டையை மோந்து பார்த்தார். “மருந்து நான் தர்றேம்மா. ஆனா மறுபடியும் அந்த ரூம்லதான படுக்க வைப்பீங்க? அடுத்த தடவ இவ்ளோ தூரம் வர்றதுக்கு அவளுக்கு மூச்சு இருக்காது.”

அமலோற்பவம் மகளை ரிஷிவந்தியத்தில் தங்கை வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பினாள். பீரோவைத் தனியாகத் தள்ளி முன்னறைக்குக் கொண்டுவந்தாள். மூக்கில் ஈரத்துணி கட்டிக்கொண்டு, கணவனின் சுரண்டு தகட்டையும் சுத்தியையும் எடுத்தாள்.

“இன்னாடி பண்ற? பண்டிகைக்கு ரெண்டு வாரந்தான் இருக்குது” என்றான் சின்னப்பன்.

“செவுத்த உரிக்கிறேன்.”

“உங்கப்பன் பீரோவுக்குத்தான் ஜன்னல அடைச்சேன். அப்ப வாய மூடிக்கினு இருந்த இல்ல?”

“இருந்தேன். இப்ப இல்ல. தள்ளு.”

அடுத்த வீட்டு ஆயம்மாள் எட்டிப் பார்த்தாள். “பெயிண்டு அடிக்கிற வூட்டுல பெயிண்ட உரிக்கிறாளே! இன்னாப்பா சின்னப்பா, கூலி நீ குடுப்பியா, அவ குடுப்பாளா?” சின்னப்பன் சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான்.

மருந்துக்கடைப் பச்சை அடைபோலப் பெயர்ந்து விழுந்தது. அதனடியிலிருந்து ஓர் இருமல் வந்தது. போன வருடத்து இருமல். செலினா ரிஷிவந்தியத்தில் இருந்தாள். அமலோற்பவம் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு அடுத்த பூச்சில் தகட்டை வைத்தாள். ஒவ்வொரு நிறத்துக்கடியிலும் அந்த வருடத்து இருமல் இருந்தது. உள்ளே போகப்போகக் குரல் சிறுத்தது. வெளியே வந்தவை அறையைவிட்டுப் போகவில்லை, போக வழி இல்லை. மூன்று நாள் அவற்றின் நடுவே நின்று உரித்தாள். பூசணத்தைக் கழுவிய பிளீச்சிங் பவுடரில் கை வெந்தது. துணி சுற்றிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் மாலை சின்னப்பன் வந்தபோது பள்ளிக்கூடத்து மஞ்சள் உதிர்ந்துகொண்டிருந்தது. அதிலிருந்து மூன்று மாதக் குழந்தை இருமியது. ஷேர் ஆட்டோவில், மழையில், கள்ளக்குறிச்சி வரைக்கும் அவன் மார்பில் கிடந்த இருமல். அவன் பையைக் கீழே வைத்தான். அதற்கடியில் மண்டபத்து ரோஸ். அதில் குழந்தை இல்லை. வயிற்றுப்பிள்ளையோடு அமலோற்பவம் இருமினாள். அவன் திரும்பிப் பார்த்தான். அவள் வாய் மூடியிருந்தது. “சொல்லவே இல்லியே” என்றான். “நீ பெயிண்ட் அடிச்சிக்கினு இருந்த” என்றாள்.

அவன் சுத்தியை வாங்கினான். ஜன்னலை அடைத்த செங்கல் சுத்தியின் எட்டாவது அடியில் விழுந்தது. இருமல்கள் ஜன்னல் வழியாக வெளியேறி, தெருவில் இறங்கி, கல்வராயன் மலைப் பக்கம் போயின. தெருவில் நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஆயம்மாள் கோழிகளைக் கூடையில் போட்டுக் கவிழ்த்தாள்.

சின்னப்பன் ஜன்னலுக்குக் கம்பி வைத்தான். மழைத்தண்ணீர் இறங்கிய மாடி விரிசலை அடைத்தான். அந்தக் கிறிஸ்துமஸுக்கு மேற்குச் சுவர் வெறும் சிமெண்டுப் பூச்சோடு நின்றது. வந்தவர்கள் கேட்டபோது, “காயட்டும்” என்றான். முன்னறையில் பீரோவைத் தாண்ட எல்லோரும் பக்கவாட்டில் நடந்தார்கள். செலினா திரும்பி வந்து ஜன்னலோரம் மறுபடி போட்ட கட்டிலில் படுத்தாள். அடுத்த ஐப்பசி முழுக்க மழை பெய்தது. கள்ளக்குறிச்சிக்கு யாரும் ஓட வேண்டியிருக்கவில்லை.

தை மாதம் மூவரும் வெள்ளிமலை பஸ்ஸில் போனார்கள். கொண்டை ஊசி வளைவில் பஸ் மெதுவானபோது மரங்களுக்குள் ஒரு குழந்தை இருமியது. கண்டக்டர் அதைப் பொருட்படுத்தாமல் டிக்கெட் கிழித்தார். செலினா ஜன்னலில் காது வைத்துக் கேட்டாள்.

“இது ரெண்டாங்கிளாஸ்ல வந்தது” என்று சொல்லிவிட்டு வேர்க்கடலையை உரித்தாள்.