கூடவே வந்த நாற்பத்தொன்று

திங்கட்கிழமை காலையிலேயே டெக்னீஷியன் போன் செய்தார். சுகாதார நிலையங்களில் தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டிகள் எல்லாம் அவர் பொறுப்பு.

“அக்கா, உங்க புது வெர்ஷன் ஏறவே மாட்டேங்குது. இடம் பத்தல.”

ஒவ்வொரு பெட்டியின் தலையிலும் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கிறது. உள்ளே சூடேறினால் மணி அடிப்பது அதன் வேலை. அதற்கான மென்பொருளோடு பதினொரு வருடமாக மாரடிக்கிறவள் நான். பழைய பதிப்பில், கரண்ட் போய் வந்தால் மணி ஊமையாகிவிடும். பச்சை விளக்கு மட்டும் ஒன்றுமே நடக்காததுபோல் எரியும். புதிய பதிப்பில் அதைச் சரிசெய்துவிட்டேன். அது ஏறினால்தானே!

மேலாளர் ஆசைப்பட்டாரென்று வெப்பநிலையை வரைபடமாகப் போடும் வசதியையும் அதே பேக்கேஜில், அதாவது அதே மென்பொருள் பொட்டலத்தில், சேர்த்திருந்தோம். அது தனியாக வருமா? ஒருவரைக் கூப்பிட்டால் சொந்தபந்தம் முழுக்க மூட்டை முடிச்சோடு வந்து இறங்குவதுபோல், எழுத்துரு, படம், வண்ணம் என்று இன்னும் நாற்பத்தொரு பேக்கேஜ்கள். மணி அடிக்க எதற்கய்யா வண்ணம்?

“ரெண்டாப் பிரிச்சிடலாம். மணி தனி, வரைபடம் தனி,” என்றேன்.

பக்கத்து நாற்காலிக்காரருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘வேண்டாம் சார்’. “வேண்டாம்மா,” என்றார். “வரைபடத்தக் காணோம்னு நம்மளப் பிச்சு எடுத்துடுவாங்க. மொத ஆளு மேனேஜர்தான்.”

யார் வாயிலும் விழ எனக்குத் தெம்பில்லை. பிரித்தேன், ஆனால் மணிப் பேக்கேஜில், வரைபடத்தை ‘கூட இருந்தால் நல்லது’ என்ற பட்டியலில் எழுதிவைத்தேன். செவ்வாய்க்கிழமை அனுப்பினேன்.

“போட்டுக்குங்க. சும்மா சும்மா போன் பண்ணாதீங்க, மண்டை காயுது,” என்று டெக்னீஷியனிடம் எரிந்து விழுந்தேன்.

வெள்ளிக்கிழமைதான் மறுபடி கூப்பிட்டார். “கோவிச்சுக்காதீங்கக்கா. செவ்வாய்க்கிழமையிலேர்ந்து எதை எதையோ அழிச்சுப் பாக்குறேன், ஏறல. நான்தான் தப்பாப் பண்றேன்னு நெனச்சேன்.”

“என்னென்ன இறங்குதுன்னு படிங்க.”

எழுத்துரு, படம் என்று படித்தார். வண்ணத்துக்கு வருவதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. அந்தப் பட்டியலில் இருப்பதை யாரையும் கேட்காமல் கம்ப்யூட்டர் இழுத்துவரும். எனக்குத் தெரியாதா? மேலாளருக்குத் தானாக வரட்டும் என்றுதான் அப்படி எழுதினேன். பெட்டிகளுக்கும் அதே பட்டியல்தான் போகும் என்பது புத்தியில் உறைக்கவில்லை.

ஒரே வரி. ‘வேண்டுமென்றால் போட்டுக்கொள்ளலாம்’ என்று மாற்றினேன். வேண்டாம் சார் வாயைத் திறந்தார்.

“கத்துறவங்க கத்தட்டும் சார். நான் கேட்டுக்கறேன்.”

தன் அலுவலகத்தில் இருந்தபடியே டெக்னீஷியன் எல்லாப் பெட்டிகளிலும் ஏற்றினார். “ஏறிடுச்சுக்கா!” என்றார். உடனே அவர் அலுவலகக் கம்ப்யூட்டரில் ஒரு மணி அடிப்பது எனக்கே கேட்டது.

“ஒரு பெட்டி சூடா இருக்கு,” என்றார்.

“எப்பலேர்ந்து?”

பதிவைத் தேடினார். “புதன்கிழமை மதியம். கரண்ட் போய் வந்துருக்கு, அப்பலேர்ந்து பெட்டி குளிரவே இல்ல. அக்கா… நேத்து அங்க ஊசி போடுற நாள். அதுலேர்ந்து எடுத்துத்தான் பத்தொம்பது கொழந்தைங்களுக்குப் போட்டிருக்காங்க.”

கெட்டுப்போன மருந்து. சூட்டில் வீரியம் போயிருக்கும்; போட்டும் போடாததுபோல்தான். பத்தொன்பது வீட்டுக்கும் சொல்லி, குழந்தைகளைத் திரும்ப வரவழைக்க வேண்டும்.

“பாதி வீட்டுக்கு நான் சொல்றேன். நம்பரக் குடுங்க,” என்றேன்.

முதல் நம்பரில் ஒரு அம்மா எடுத்தாள். தடுப்பூசி விஷயம் என்று ஆரம்பித்ததுமே குறுக்கே விழுந்து, “ரொம்ப நல்ல ஊசிங்க,” என்றாள் சந்தோஷமாக. “போன தடவ மாதிரி காய்ச்சலே இல்ல. பாப்பா நிம்மதியாத் தூங்குது.”