நாலாவது தேசிக்காய்

நோர்வேயின் ரொம்மனில் காலை ஐந்து மணி பஸ்ஸில் ஏறிய குணசிங்கத்தின் ஜாக்கெட் பொக்கற்றுக்குள் நாலு தேசிக்காய்கள் இருந்தன. எலுமிச்சங்காய் என்றாலும் அதுதான். திருகோணமலைக்காரர் வாயில் அது தேசிக்காய். வேலையிடத்துப் புது வண்டியின் சக்கரங்களுக்குக் கீழே வைத்து நசிக்க, மனைவி கனகாம்பிகை எண்ணித்தான் கொடுத்தாள். "நாலு சில்லுக்கு நாலு. ஒண்டையும் மறந்திடாதேங்கோ," என்றாள். கூடவே ஒரு கட்டிக் கற்பூரமும் தந்தாள். அதை அவர் வாசலில் சப்பாத்து அடுக்குகிற ராக்கையில் ஒளித்துவிட்டு வந்தார். பற்றரி சார்ஜ் ஏறுகிற இடத்தில் நெருப்புக் கொளுத்தினால் கண்ணூறு நாவூறு மட்டுமா போகும், கூரையும் சேர்ந்து போகும். அந்தளவு புத்தி மனிசனுக்கு இருந்தது. அதற்கு மேலும் இருந்திருந்தால் எனக்கு இந்தக் கதையைச் சொல்லுகிற வேலை இல்லை.

அல்னாப்ரூவில் ஒரு பெரிய களஞ்சியம். அங்கே பதினொரு வருடமாக ட்றக் ஓட்டுகிறார். நோர்வேயில் ட்றக் என்றால் லொறி அல்ல, சாமான் தூக்கி அடுக்குகிற ஃபோர்க்லிஃப்ட். அவருடையது ஒன்பது மீற்றர் உயரத் தட்டுக்கு ஏற்றுகிற மெஷின். பக்கவாட்டில் உட்கார்ந்து, நாள் முழுக்க அண்ணாந்து பார்க்க வேண்டும். பதினொரு வருடம் அண்ணாந்ததில் கழுத்து கல்லாகிவிட்டது. இன்னும் இரண்டு வருடம் இப்படியே போனால் வேலையை விட வேண்டிவரும் என்று டொக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

2007 ஒக்டோபரில் புது மெஷின் வந்தது. அதன் சாமான் தூக்குகிற கவையில் கமெரா, இருக்கைக்கு முன்னால் சின்னத் திரை. அண்ணாந்து பார்க்கவே தேவையில்லை. களஞ்சியப் பொறுப்பாளர் தூர்பியோன் அதைக் குணசிங்கத்துக்கே கொடுத்தார். அன்று வீட்டில் கனகாம்பிகை பொங்காத குறை.

தேசிக்காயோடு பஸ் ஏறிய அந்தத் திங்கட்கிழமை, ஆட்கள் வருமுன் போய் மெஷினுக்குக் கீழே குனிந்து பார்த்தார். முன்னால் இரண்டு சில்லு, பின்னால் ஒன்று. மூன்றுதான். பதினொரு வருடம் ஓட்டியவனுக்கு இது தெரியாதா என்று கேட்காதீர்கள், பெண்டாட்டி நாலு என்றால் யார் எண்ணிப் பார்க்கிறார்கள்? மூன்றை வைத்தார், முருகனை நினைத்தார், ஏறி ஓட்டினார். மூன்றும் நசிந்தன. நாலாவது பொக்கற்றிலேயே கிடந்தது. தோலைக் கடதாசியில் பொறுக்கிக் குப்பை வாளிக்குள் போட்டார். நிலத்தில் ஈரம் இருந்தது. அதற்குள் காலைக் கூட்டத்துக்குத் தூர்பியோன் கூப்பிட, பிறகு துடைக்கலாம் என்று மெஷினைப் பின்னுக்கு எடுத்துப் பழைய இடத்திலேயே விட்டுவிட்டுப் போனார். இந்தப் 'பிறகு' என்ற சொல்லால் அழிந்த குடும்பங்கள் எத்தனை.

கூட்டம் முடிந்து வந்து பார்த்தால், புது மெஷினைச் சுற்றிச் சிவப்பு வெள்ளை நாடா. தூர்பியோன் முழங்காலில் நின்று ஈரத்தில் ஒரு கடதாசிக் கீற்றை ஒற்றினார். கீற்று சிவந்தது.

"அமிலம்," என்றார் தூர்பியோன். "பற்றரி கசிந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை தண்ணீர் விட்டது யார்?"

பற்றரிக்குத் தண்ணீர் விடுவது சார்ஜ் ஏறி முடிந்த பிறகு. முதலில் விட்டால் சார்ஜ் ஏறும்போது அமிலம் பொங்கி வழியும். பட்டியலில் புஷ்பமலரின் கையெழுத்து இருந்தது. அவள் ஏஜென்சி மூலம் வந்த விக்கார், அதாவது தற்காலிகம். எட்டு மாதமாக வேலை செய்கிறாள். போன கோடையில் உயரத் தட்டு மெஷினுக்கும் சோதனை எழுதிப் பாஸ் பண்ணியவள். நிரந்தரமாக்குவதா இல்லையா என்று இந்த வெள்ளிக்கிழமை சொல்வதாக இருந்தது.

"சார்ஜ் முடிந்த பிறகுதான் விட்டேன்," என்று புஷ்பமலர் நொஸ்க்கில், அதாவது நோர்வே மொழியில், சொன்னாள்.

"பார்ப்போம்," என்றார் தூர்பியோன். அந்த மனிசன் அவளைப் பொய்க்காரி என்று சொல்லவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. விக்காரை இங்கே யாரும் துரத்துவதில்லை. கூப்பிடாமல் விடுவார்கள், அவ்வளவுதான்.

குணசிங்கத்துக்கு அப்போதே விளங்கியிருக்கும் என்று நினைப்பீர்கள். விளங்கவில்லை. பற்றரி உண்மையாகவே கசிந்ததென்றே நம்பினார். ஒன்பது மணி இடைவேளையில் கனகாம்பிகைக்கு ஃபோன் எடுத்தார். அவள் எல்லிங்ஸ்ருட்டில் முதியோர் இல்லமொன்றின் குசினியில் சமையல் வேலை.

"முருகன் காப்பாத்திப் போட்டானப்பா. புது மெஷின் அசிட் கக்குது. தேசிக்காய் வைச்சபடியால்தான் எனக்கு ஒண்டும் ஆகேல்லை."

"எங்கை கக்கினது?"

"சில்லுக்குக் கீழை. மூண்டு இடத்திலை."

அங்கே கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. "இஞ்சாருங்கோ," என்றாள் கனகாம்பிகை. "தேசிக்காய்ப் புளி என்ன, பச்சைத் தண்ணியே? அதுவும் அசிட்தானே?"

குணசிங்கத்துக்கு அப்போதுதான் விளங்கியது.

"இப்ப ஆரைப் பிடிச்சிருக்கினம்?"

"புஷ்பமலரை."

"அப்ப உடனை போய்ச் சொல்லுங்கோ. நான் குடுத்தது எண்டே சொல்லுங்கோ."

உடனே போகவில்லை. சொன்னால் மெஷின் போகும். வேலை இடத்தில் கண்டதையும் வைத்து நசித்து, ஈரத்தைத் துடைக்காமல் விட்டது சின்னக் குற்றமல்ல. வெள்ளைக்காரர் பின்னால் சிரிப்பார்கள் என்ற வெட்கம் வேறு. எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் கழுத்து. பழைய மெஷினில் ஏறி அண்ணாந்து பார்க்கிற ஒவ்வொரு தடவையும், நாளைக்குச் சொல்லலாம் என்றே அது சொன்னது.

பதினொன்றரைக்குச் சாப்பாடு. புஷ்பமலர் எதிரே வந்து உட்கார்ந்தாள். அவள் சாப்பிடவில்லை. டப்பாவைத் திறந்து, இரண்டு மட்டன் றோல்ஸை எடுத்து அவருடைய மூடியில் வைத்தாள்.

"எனக்கு இறங்காது அண்ணை. நீங்களாவது சாப்பிடுங்கோ. நான் பிறகுதான் தண்ணி விட்டனான், சத்தியமா."

"தெரியும் பிள்ளை," என்றார். றோல்ஸ் இரண்டையும் சாப்பிட்டார். ருசியாக இருந்தது என்பதுதான் வெட்கக்கேடு.

ஒரு மணிக்கு, கைதுடைக்கப் பொக்கற்றில் கடதாசி தேடியபோது நாலாவது தேசிக்காய் விரலில் தட்டுப்பட்டது. அதற்குப் பிறகு அவரால் மெஷினில் ஏற முடியவில்லை. நேரே தூர்பியோனின் அறைக்குப் போனார்.

"அந்தக் கீற்றில் ஒன்று தாருங்கள்," என்று கேட்டு வாங்கினார். பேனாக்கத்தியால் தேசிக்காயைக் கீறி, ஒரு சொட்டுப் பிழிந்தார். கீற்று சிவந்தது.

தூர்பியோன் கீற்றைப் பார்த்தார், தேசிக்காயைப் பார்த்தார், மணந்தும் பார்த்தார். "இது எதற்கு?"

"விபத்து வராமல் இருக்க."

தூர்பியோன் சிரிக்கவில்லை. படிவம் ஒன்றை எடுத்து நிரப்பத் தொடங்கினார். எழுத்தில் எச்சரிக்கை, மூன்று மாதத்துக்குப் பழைய மெஷின். புதியதை ஓட்ட வேறு யாருக்குப் பயிற்சி இருக்கிறது என்று பட்டியலைப் பார்த்தார். ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை புஷ்பமலர் நிரந்தரமானாள்.

அடுத்த திங்கட்கிழமை அவள் புது மெஷினில் ஏறி இருக்கையைச் சரி செய்துகொண்டிருந்தாள். குணசிங்கம் கிட்டப் போனார். நன்றி சொல்லுவாள் என்றுதான் மனது எதிர்பார்த்தது, பொய் சொல்வானேன்.

"சந்தோசம் பிள்ளை," என்றார்.

புஷ்பமலர் கமெராத் திரையைப் போட்டாள். "நேற்று கோயிலிலை கனகாம்பிகை அக்காவைக் கண்டனான்," என்றாள். "ஒன்பது மணிக்கே உங்களுக்குச் சொன்னவவாம்."

இருக்கையை இன்னும் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளினாள்.

"நீங்கள் ஒரு மணிக்குத்தானே போனனீங்கள் அண்ணை."

"ஓம்."

"என்ரை றோல்ஸையும் திண்டிட்டு."

"ஓம் பிள்ளை," என்றார் குணசிங்கம். "திண்டிட்டுத்தான் போனனான்."

அவள் தலையாட்டினாள். கோபமாகக்கூட இல்லை. மெஷினைத் திருப்பிக்கொண்டு பன்னிரண்டாம் வரிசைக்குள் போனாள். அவர் பழைய மெஷினில் ஏறி, முதல் சாமான் பலகையைத் தூக்கி, அண்ணாந்து பார்த்தார். கழுத்து வலித்தது. அன்றைக்கு அதைப் பற்றி யாரிடமும் அவர் முறையிடவில்லை.